மீசை இருந்த இடம்

வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் துண்டைப் போட்டேன். ஆற ஆற நனைத்து மாற்றிப் போட வேண்டும், நடுவில் பேசினால் காற்றுப் புகுந்து சூடு போய்விடும் என்றேன், நான் ஃபோனில் பார்த்த வைத்திய வீடியோவில் அப்படி ஒன்றும் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் உப்பு, சுத்தமான துணி, அழுத்தாமல் வைத்து எடுங்கள், பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தோல் இளகும் என்றுதான் அந்தப் பெண் சொன்னாள், பேசக் கூடாது என்பது நான் சேர்த்தது. எனக்கு யோசிக்க வேண்டியிருந்தது. இவர் பேசினால் என்னால் யோசிக்க முடியாது, பேசாமல் இருந்தால் சந்தேகப்படாமல் இருக்க முடியாது, சரி, இரண்டாவதே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, டிபன் முடிந்து, ஹாலில் ஜன்னலோரம் வெளிச்சத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, பூபாலன் கழுத்தைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறார். மேலே வழுக்கை, கீழே துண்டு, நடுவில் ஒரு மூக்கு. முகத்தில் பாதியை மூடிவிட்டால் என் புருஷன் எவ்வளவு யோக்கியமாகத் தெரிகிறார். "சூடு தாங்குதா?" என்றேன். தலையை ஆட்டினார். "ஆட்டாதீங்க, நகருது. கையைத் தூக்கிக் காட்டுங்க போதும்." கையைத் தூக்கினார். சொன்னவுடன் தூக்கினார். சொன்னபடி கேட்கிற ஆளே இல்லையே இவர், அதுவே ஒரு சந்தேகம்.

துண்டுக்கு அடியில் இருப்பது நான்கு பரு. பரு இல்லை, முடி. வழித்த முடி வெளியே வராமல் வளைந்து திரும்பித் தோலுக்குள்ளேயே வளர்ந்து, அந்த இடம் சிவந்து, தொட்டால் துள்ளுகிறார். சுருட்டை முடிக்காரர்களுக்கு இப்படி ஆகுமாம். இடது மூக்குக்குக் கீழே மூன்று, வலது பக்கம் ஒன்று, அதில் ஒன்றில் மட்டும் தோலுக்கு அடியில் கறுப்பாக ஒரு வளையம் தெரிகிறது. எதிர் ஃபிளாட் மெஹருன்னிசா கதவிடுக்கு வழியாகவே பார்த்துவிட்டு, "அக்கா, எலுமிச்சம்பழத்தைப் பாதியா அறுத்து நல்லாத் தேச்சு விடுங்க, எங்க வூட்டு மனுசருக்கு நான் அதான் பண்ணேன்" என்றாள். அவள் வீட்டு மனுஷர் தாடி வைத்துப் பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும், எதை எங்கே தேய்த்தாளோ. புண்ணில் எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொல்கிறவளுக்கு இவர் மேல் என்ன கோபம் என்று வேறு யோசிக்க வேண்டியிருக்கிறது. ஓசூரிலிருந்து மகள் யாழினி ஃபோனில், "கிள்ளாதீங்கம்மா, பிதுக்காதீங்க. ஊசியால முடியோட நுனியை மட்டும் வெளிய எடுத்து விடுங்க. பிடுங்கிடாதீங்க, பிடுங்கினா திரும்பவும் உள்ளயேதான் வளரும். சீழ் கட்டினா டாக்டர்ட்ட போயிடுங்க" என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, கடைசியில், "ஆமா, அப்பா எதுக்கு மீசையை எடுத்தாரு?" என்றாள். அதுதானே. வைத்தியம் ஊரில் எல்லாருக்கும் தெரிகிறது. அந்தக் கேள்வி என் மகளுக்கு ஃபோனை வைக்கிற நேரத்தில் வந்து போய்விட்டது, எனக்கு மூன்று வாரமாக உள்ளேயே சுருண்டு கிடக்கிறது.

"வெயிலுக்கு ஒரு மாத்தமா இருக்கட்டுமேன்னு எடுத்தேன்" என்றார் அன்றைக்கு. கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்கிற உத்தியோகம், மாதம் ஒரு தடவையாவது கரூர்ப் பக்கம் போய் இரண்டு நாள் தங்குவார், அப்படிப் போய்விட்டுச் சாயங்காலம் வந்து மணியடித்தார். கதவைத் திறந்தவள் யாரோ கூரியர் கொடுக்க வந்த ஆள் என்று நினைத்து "என்ன வேணும்?" என்று கேட்டேன். மீசை இருந்த இடம் கழுவித் துடைத்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. வெயிலாம். திருச்சி வெயில் எத்தனை பார்த்திருக்கிறது அந்த மீசை. தலையில் போனதையெல்லாம் மூக்குக்குக் கீழே பிடித்து வைத்துக்கொண்ட மனிதர், அதற்கென்று ஒரு குட்டிச் சீப்பு, ஒரு குட்டிக் கத்தரி, மாதம் இரண்டு தடவை மை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு நான் முதலில் பார்த்ததே அதைத்தான், அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அதைப் போய் மாற்றத்துக்கு எடுத்தாராம். சரி, கொஞ்சம் முளைத்தது, வளர்க்கப் போகிறார் என்று பார்த்தால், போன வாரம் மறுபடி ஒரு நாள் கரூர், மறுபடி மழமழவென்று வந்து நிற்கிறார். அதுவும் இவர் கை இல்லை. இவர் கன்னம் வழிப்பதைத் தினமும் பார்க்கிறேன், வெந்நீர் ஒற்றி, நுரை போட்டு, முடி போகிற வாக்கிலேயே மேலிருந்து கீழே, பிளேடுக்கு வலிக்கக் கூடாது என்பது மாதிரி வழிப்பார். அப்படிச் செய்தால் இந்த உபத்திரவமே வராது என்று அந்த வீடியோப் பெண்ணும் சொல்கிறாள். இது வேறு ஒருத்தன், காய்ந்த தோலில், தோலை விரலால் இழுத்துப் பிடித்து, கீழிருந்து மேலாக இரண்டே இழுப்பில் முடித்திருக்கிறான். அவசரம். அடுத்த வேலை காத்திருக்கிற அவசரம். கடையில் நாற்காலியில் உட்கார வைத்துச் செய்கிறவன் இப்படிச் செய்ய மாட்டான்.

துண்டு ஆறிவிட்டது. எடுத்து, கிண்ணத்து வெந்நீரில் முக்கி, பிழிந்து, என் முழங்கையில் ஒரு தரம் வைத்துப் பார்த்து, திரும்பப் போட்டேன். "அம்மாடி" என்று ஏதோ சொல்ல வந்தார். "பேசாதீங்க." இதே பரு, இதே இடம், நான் இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். யாழினி எல்.கே.ஜி. படித்தபோது, மாமனார் காலமானபோது. அம்மா மண்டபத்துப் படித்துறையில் உட்கார வைத்து நாவிதர் வழித்தார், அப்போது தலையிலும் கொஞ்சம் முடி இருந்தது, தலையையும் மீசையையும் சேர்த்து எடுத்தார்கள், கருமாதி அன்றைக்கு இன்னொரு தரம். அதற்கு அடுத்த வாரம் மூக்குக்குக் கீழே சிவப்புச் சிவப்பாக. அப்போது இவரே நகத்தால் கிள்ளி ஒன்றைப் புண்ணாக்கிக்கொண்டார், அந்தத் தழும்பு வெள்ளையாக மிளகளவில் இன்னும் இருக்கிறது, இத்தனை வருஷம் மீசைக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. ஆகக்கூடி விஷயம் என்ன? மீசையை எடுத்தால்தான் இவருக்கு இது வரும். மீசையை எடுப்பது யாருக்காவது கொள்ளி வைத்தால்தான். ஒரு தடவை எடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுப்பது கருமாதிக்குத்தான். தலையில் இப்போது எடுக்க ஒன்றும் இல்லை, அதனால் ஊருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். கான்வென்டில் எனக்கு வடிவியல் எடுத்த சிஸ்டர், ஒரு வரிக்குக் கீழே அடுத்த வரி எழுதினால் அது மேல் வரியிலிருந்து வர வேண்டும், வானத்திலிருந்து வரக் கூடாது என்பார். எழுதிப் பார்த்துவிட்டேன். கடைசி வரிதான் வரவில்லை. யார் செத்தது?

அப்பா போய்ச் சேர்ந்தாயிற்று. அம்மா எப்போதோ போய்விட்டார், இவருக்கு ஒன்பது வயசில், இதோ நாற்காலிக்கு நேர் மேலே சுவரில் தொங்குகிறார் என் மாமியார், பிளாஸ்டிக் சந்தன மாலைக்குள், ஸ்டூடியோவில் எடுத்த படம், பக்கத்தில் நின்ற மாமனாரை வெட்டிவிட்டதில் ஓரத்தில் ஒரு தோள்பட்டை மட்டும் மிச்சம். என்னைவிடச் சின்னப் பெண். "மாமியார் இல்லாத இடம்டி, கொடுத்து வச்சவ நீ" என்று என் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் ஊரெல்லாம் சொன்னாள். உடன்பிறந்தவர் யாரும் இல்லை, சித்தப்பா பெரியப்பாவுக்கெல்லாம் அவரவர் பிள்ளைகள். அப்புறம் இந்த மனிதர் கையால் கொள்ளி வாங்க இந்த உலகத்தில் யார் பாக்கி? இந்த இடத்துக்கு வந்ததும் என் யோசனை நின்று நின்று போகிறது, செக்குமாடு மாதிரி சுற்றி வந்து அதே இடத்தில் கால் வைக்கிறது. பிள்ளை இல்லாத பெண்டாட்டிக்குப் புருஷன் வைப்பான். சொல்லிவிட்டேன். மனசுக்குள்ளேதான் சொன்னேன், ஆனாலும் துண்டுக்கு அடியில் அவர் உதடு அசைந்த மாதிரி இருந்தது, நான் குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. மூச்சுத்தான். கரூரில் ஒருத்தி. இத்தனை வருஷமாக மாதம் இரண்டு நாள். எந்தச் சங்கத்தில் அப்படி மாதம் தவறாமல் தணிக்கை செய்ய என்ன கணக்கு இருக்கிறது? நான் ஒரு தடவையாவது கேட்டேனா? கேட்கவில்லை, இரண்டு நாள் சமையல் இல்லையே என்று மத்தியானம் தயிர்சாதம் தின்றுவிட்டுக் காலை நீட்டிப் படுத்தேன்.

மூன்று ஞாயிறாகக் கறி வேண்டாம் என்கிறார். ஈரல் வாங்காமல் வந்தால் மட்டன் கடைக்கே திருப்பி அனுப்புகிற மனிதர், "வயிறு ஒரு மாதிரியா இருக்கு, சாம்பார் போதும்" என்கிறார். வயிறு ஒரு மாதிரி இருக்கிறவர் சாம்பாரை மட்டும் மூன்று கரண்டி ஊற்றிக்கொள்கிறார். சாமி விளக்கேற்றுகிற பக்கம் வருவதில்லை. போன வெள்ளிக்கிழமை வயலூருக்குக் கூப்பிட்டேன், "நீ போயிட்டு வா" என்றார், நான் பாட்டுக்குப் போய் அர்ச்சனை பண்ணிவிட்டு வந்தேன். அப்புறம் இந்தத் துண்டு. இப்போது இவர் வாய் மேல் கிடக்கிற இதே துண்டு. நான் வாங்கினது இல்லை. புது ஈரிழைத் துண்டு, சிவப்புக் கரை, மடிப்புக் கலையாமல் இவர் சட்டைகளுக்கு அடியில் இருந்தது, ஒரு முனையில் மட்டும் மஞ்சள் தடவியிருந்தது. இரண்டு தரம் அலசியும் அந்த மஞ்சள் போகவில்லை. வீட்டில் எத்தனை பழைய மெத்துத் துணி இருக்கிறது, இதைத்தான் வேண்டுமென்று எடுத்து வெந்நீரில் போட்டேன், மஞ்சள் முனை மேலே தெரிகிற மாதிரி மடித்துப் போட்டேன். பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மஞ்சள் முனைத் துண்டைக் கல்யாணத்துக்கும் கொடுப்பார்கள், கருமாதியில் கோடியாகவும் போடுவார்கள். கல்யாணத்தில் கொடுத்தது என்றால் ஒரு வெற்றிலைபாக்குப் பையாவது கூட வந்திருக்கும், தேங்காய் வந்திருக்கும், எந்தப் பந்தியில் என்ன குறை என்று வந்து சொல்லாமல் இருக்க மாட்டார்.

அப்படி ஒருத்தி இருந்து செத்தும் போனாள் என்றால் எனக்கு என்ன நஷ்டம் என்று கேட்டுப் பார்க்கிறேன். இருந்தவள் இருந்தாள், போனவள் போனாள், என் வீட்டு அரிசிப் பானை குறையவில்லை. ஆனால் அது அங்கே நிற்க மாட்டேன் என்கிறது. குழந்தை இருந்தால்? இதைத்தான் நினைக்கக் கூடாது என்று மூன்று வாரமாகச் சுற்றிச் சுற்றிப் போகிறேன். போன வருஷத்திலிருந்து சத்துமாவு கேட்கிறார். "கரூர் சங்கத்துல செக்ரட்டரி வீட்டுல கேட்டாங்க. நைசா அரைச்சுக் குடு, முந்திரி பாதாமெல்லாம் கரகரன்னு இருக்கக் கூடாது, ரெண்டு தரம் சலிச்சிடு." நானும் கேழ்வரகு முளைகட்டி, பயறு வறுத்து, பொட்டுக்கடலை போட்டு, மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போய் நின்று அரைத்துச் சலித்துக் கொடுத்தேன். இரண்டு தரம் சலித்த சத்துமாவு யாருக்கு? பல் முளைக்காத பிள்ளைக்கு. ஐம்பத்துமூன்று வயசில் பல் முளைக்காத பிள்ளை. அதற்குக் கஞ்சிக்கு மாவு அரைத்துக் கொடுத்தவள் நான். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். "தண்ணி குடிக்கப் போனேன், அதுக்கும் கணக்கு வேணுமா?" என்றேன். மூடிக்கொண்டார்.

புடவை வேறு இருக்கிறது. சுமங்கலியாகப் போன மாமியாருக்கு வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குப் படையல் போடுகிறேன், வடை, பாயசம், ஒரு புதுப் புடவை. செத்த தேதி சரியாகத் தெரியாது, அமாவாசைக்கே கும்பிட்டுவிடலாம் என்று முதல் வருஷம் இவர்தான் சொன்னார். அப்பா செத்த திதியைப் பஞ்சாங்கம் பார்க்காமல் சொல்கிறவருக்கு அம்மா செத்த தேதி தெரியாது, ஒன்பது வயசுக் குழந்தைக்கு எப்படித் தெரியும், பாவம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். படையலில் வைத்த புடவையை வீட்டுப் பெண் கட்டிக்கொள்வதுதான் வழக்கம். இந்த வீட்டில் மட்டும் ஐயா, "இல்லாதவங்க யாருக்காவது குடுத்தா புண்ணியம்" என்று பையில் போட்டுக்கொண்டு போவார். போன ஆடிக்கு எடுத்தது அரக்குச் சுங்குடி, மஞ்சள் புள்ளி, தொட்டால் வெண்ணெய், ஆசையாக எடுத்தேன், "இதை மட்டும் நான் வச்சுக்கறேனே" என்றுகூடச் சொன்னேன், "உனக்கு வேற எடுத்துக்கோ" என்று இதைத்தான் தூக்கிக்கொண்டு போனார். எந்த இல்லாதவளுக்கு? இவ்வளவு வருஷமும் மாமியார் படத்துக்கு முன்னால் நான் கும்பிட்டு வைத்த புடவையைக் கட்டிக்கொண்டு கரூரில் ஒருத்தி... படையல் சாப்பாட்டையும் இவர் தொட மாட்டார். காக்காய்க்கு வைக்க மொட்டை மாடிக்கும் வர மாட்டார், நான்தான் கா கா என்று கத்துவேன், கீழே வந்தால் "பசியில்லை" என்பார். என் வடையில்தான் கோளாறு என்று உளுந்தை மாற்றி மாற்றி ஊறவைத்தேன்.

பதினைந்து நிமிஷம் ஆகியிருக்கும். துண்டை எடுத்தேன். தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது, அந்தக் கறுப்பு வளையம் நன்றாக மேலே வந்திருந்தது. தையல் ஊசியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, ஸ்பிரிட் பஞ்சில் துடைத்துத் தயாராக வைத்திருந்தேன். கையையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டேன். சிஸ்டர் பசிலியா தையல் வகுப்பில் சொல்வார், ஊசியைப் பேனா மாதிரி பிடி, கத்தி மாதிரி பிடிக்காதே என்று. அதே சிஸ்டர்தான் ஒழுக்கப்பாடமும் எடுத்தார். பொய் சொல்வது ஒரு பாவம், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது அதன் தங்கச்சி என்பார். வெள்ளிக்கிழமைகளில் கிறிஸ்துவப் பெண்கள் எல்லாம் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பார்கள், நாங்கள் வெளியே வேப்பமரத்தடியில் நிற்போம். உள்ளே போகும்போது முகம் தொங்கப் போகிறவள் வரும்போது துள்ளிக்கொண்டு வருவாள், எனக்கு அவ்வளவு எரிச்சலாக இருக்கும், அந்த மரப்பெட்டிக்குள் அப்படி என்னத்தைச் சொல்கிறார்கள், சொன்னால் போய்விடுமா என்று. இப்போது நான் சாமியார் இடத்தில், கையில் ஊசியோடு. "அசையாதீங்க. குத்த மாட்டேன். மேலாக நீவித்தான் எடுக்கப் போறேன்." வளையத்துக்கு அடியில் ஊசி முனையைப் படுக்க வைத்து மெல்லத் தூக்கினேன். முதலில் ஒன்றும் இல்லை. இன்னொரு தரம். சட்டென்று நுனி வெளியே துள்ளி நிமிர்ந்தது, நான் நினைத்ததைவிட நீளம், இவ்வளவு நீளம் உள்ளேயே சுருண்டு கிடந்திருக்கிறது, நுனியில் வெள்ளை. மை ஏறாத முடி. பிடுங்கச் சொல்லிக் கை துடித்தது. பிடுங்கவில்லை.

"வந்துடுச்சா?" என்றார்.

"வந்துடுச்சு. யாரு செத்தது?"

ஊசியை நான் விலக்கவில்லை. கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை, தலை பின்னால் சாய்ந்திருந்ததால் நேர் மேலே பார்த்தார்.

"என்ன கேக்குற?"

"ரெண்டு தரம் மீசையை எடுத்திருக்கீங்க. கறி சாப்பிடலை. கோடித் துண்டை ஒளிச்சு வச்சிருக்கீங்க. யாருக்குக் கொள்ளி வச்சீங்க? அவ யாரு? பிள்ளை இருக்கா? எத்தனை வயசு? சொல்லிடுங்க பூபாலன், நான் கத்த மாட்டேன்." பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். இத்தனை வருஷத்தில் கூப்பிட்டதில்லை. பேங்க்கில், ஆஸ்பத்திரியில் கேட்டால் சொல்வேன், இவர் முகத்துக்கு நேரே இல்லை.

"பிள்ளையா?" என்றார். நிஜமாகவே புரியாமல் கேட்டார், அதை என்னால் கண்டுபிடிக்க முடியும். பிறகு புரிந்துவிட்டது போல. அழுவாரா சிரிப்பாரா என்று தெரியாத ஒரு முகம், மீசை இல்லாததால் எதையும் மறைக்க முடியாத முகம். "அம்மா" என்றார்.

"எந்த அம்மா?"

"எங்கம்மா." மேலே கையைக் காட்டினார். மாலைக்குள் இருக்கிற சின்னப் பெண்ணை.

நான் படத்தைப் பார்த்தேன், இவரைப் பார்த்தேன், மறுபடி படத்தை. "அவங்கதான் உங்க ஒன்பது வயசுல..."

"போயிட்டாங்க. சாகலை ரேணு. போயிட்டாங்க. ரயில்வேல பார்சல் ஆபீஸ்ல இருந்த ஒருத்தரோட. குளித்தலைக்கு. நான்தான் பையைத் தூக்கிட்டுப் போய் பஸ் ஏத்தி விட்டேன். சாயந்தரம் வந்துடுவேன்னாங்க. மறுநாள் காலையில அப்பா என்னைக் காவிரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. அவரு தலை முழுகினாரு. எனக்கு மொட்டை போட்டாரு. செத்துட்டாள்னு சொல்லுன்னாரு. பஸ் ஏத்தி விட்டவன் நான், எனக்கு மொட்டை. அப்புறம் வந்து இந்தப் படத்தை மாட்டினாரு."

குளித்தலை. கரூர்கூட இல்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். அந்தப் பார்சல் ஆபீஸ்காரரும் முன்னாலேயே போய்விட்டாராம், அவர்களுக்குப் பிள்ளை இல்லையாம், யாழினி பிறந்த வருஷம் யாரோ சொல்லி இவர் தேடிக்கொண்டு போனாராம், போனவர் மாதாமாதம் போயிருக்கிறார். எனக்கு என்ன வருகிறது என்று எனக்கே தெரியவில்லை, கோபம் வருகிறது, ஆனால் அது மூன்று வாரமாகச் சேர்த்து வைத்த கோபம், வேறு ஒருத்திக்கு என்று வைத்தது, இந்த ஆளுக்கு அளவு சரியாக இல்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி சொல்ல வேண்டாம், உங்க அப்பா விட்டிருக்க மாட்டாரு, சரி. அப்புறம் சொல்றதுக்கென்ன? அவரு போனப்புறம் சொல்றதுக்கென்ன? என்கிட்ட?"

"நீ முத வருஷமே படையல் போட்டுட்ட" என்றார். "இலை போட்டு, வடை சுட்டு, புடவை வச்சு. விழுந்து கும்பிட்ட. நான் தேடிப் போய்க் கண்டுபிடிக்கறதுக்குள்ள நாலஞ்சு படையல் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் போய் உசுரோட இருக்காங்கன்னு எப்படிச் சொல்றது? ஒவ்வொரு ஆடிக்கும் சொல்லணும்னு நினைப்பேன். நீ காக்காயைக் கூப்பிட மாடிக்குப் போயிடுவ."

வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருக்கிற மனுஷிக்கு இலை போட்டு, என்ன பிடிக்கும் என்று இவரிடமே கேட்டு, பருப்புப் பாயசம் என்றார், பருப்புப் பாயசம் வைத்து, காக்காய் எடுத்தால் அத்தை வந்துவிட்டார் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு கீழே இறங்கி வந்தேன். அந்த நேரத்தில் அவர் குளித்தலையில் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்திருப்பார். என்னைச் செத்தவளாக்கி யாராவது இப்படிப் பண்ணியிருந்தால் நான் சும்மா விட்டிருப்பேனா. "அவங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"சொல்லியிருக்கேன். சிரிச்சாங்க. என்னைக் கும்பிடட்டும், புடவை மட்டும் தவறாம வருதில்லன்னாங்க."

"அரக்குச் சுங்குடி?"

"அதைத்தான் கட்டி விட்டேன். கடைசியா."

துண்டு என் கையில் இருந்தது. அந்த மஞ்சள் முனை என் விரலுக்குள்ளேதான் இருந்தது. "இதை யாரு போட்டது?" என்று கேட்டேன், கேட்கும்போதே தெரிந்துவிட்டது. "பக்கத்து வீட்டுக்காரரு எடுத்துட்டு வந்து போட்டாரு. மாமனார் வீட்டுக் கோடி போட ஆள் இல்லையான்னு நாவிதர் ரெண்டு தரம் கேட்டாரு." ஸ்ரீரங்கத்தில் என் அண்ணன் இருக்கிறான். சொல்லியிருந்தால் வேட்டியும் துண்டுமாக எடுத்துக்கொண்டு, கூடப் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு வந்திருப்பான், அவனுக்கு அதெல்லாம் ரொம்பப் பிடிக்கும். யாரோ ஒருத்தர் இரக்கப்பட்டுப் போட்ட துண்டை நான் சந்தேகத்தில் வெந்நீரில் போட்டுப் பிழிந்துகொண்டிருக்கிறேன். இவரை மன்னிப்பதா வேண்டாமா என்பதெல்லாம் இன்றைக்கு முடிகிற வேலை இல்லை, அதற்கு நிறைய ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. ஆனால் என் வாய் சும்மா இருக்காது. "அந்தச் சத்துமாவு?" என்றேன்.

"பல்லு எல்லாம் போயிடுச்சு. அது ஒண்ணுதான் இறங்கிச்சு."

"நல்லாருக்குன்னு சொன்னாங்களா?"

பதில் சொல்லத் தயங்கினார். இந்தத் தயக்கம் எனக்குத் தெரியும், சாம்பார் எப்படி என்று கேட்டால் வருகிற தயக்கம். "நல்லாருக்குன்னாங்க" என்றார். "உப்பு மட்டும் கொஞ்சம் கம்மின்னாங்க."

"உப்பா?" ஊசியைத் தட்டில் வைத்துவிட்டேன். "மாவுல எவளாவது உப்புப் போடுவாளா? கஞ்சி காய்ச்சறப்ப போடறதுதானே உப்பு! காய்ச்சினவங்க போடாம விட்டா அதுக்கு நான் என்ன பண்றது?"

"நானும் அதான் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"பொண்டாட்டிக்குப் பரிஞ்சுக்கிட்டு வராதேன்னாங்க."

படத்தில் இருந்த பெண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷம் மாமியார் இல்லாத வீட்டில் இருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பூபாலனுக்குக் கண்ணிலிருந்து வழிந்து காதுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது, அவர் துடைக்கவில்லை, நானும் துடைக்கவில்லை. "செத்தது என்ன திதி?" என்றேன். "சஷ்டி" என்றார், யோசிக்காமல், பஞ்சாங்கம் பார்க்காமல். "வளர்பிறையா தேய்பிறையா?" "தேய்பிறை." சரி. இனி அமாவாசையில் போடத் தேவையில்லை. "தலையை நிமித்தாதீங்க, இன்னும் மூணு உள்ள இருக்கு. முளைக்கிற வரைக்கும் பிளேடு அங்க படக் கூடாது. இப்ப வாயை மூடுங்க."

கிண்ணத்துத் தண்ணீர் ஆறிப்போயிருந்தது. சமையலறைக்கு எடுத்துப் போய் அடுப்பில் வைத்தேன், விரலை விட்டுப் பார்த்தேன், இறக்கினேன். உப்பு ஜாடியைத் திறந்து அரை ஸ்பூன் போட்டுக் கலக்கினேன். அப்புறம் இன்னும் ஒரு சிட்டிகை போட்டேன்.